வினவும் வகுப்பறை

நுழையும்முன்

பள்ளிக்கூடம் என்றதும் பலருக்கு நினைவில் எழும் காட்சி ஒன்றுதான்: ஒருவர் பேசுகிறார், நாற்பது பேர் கேட்கின்றனர். பேசுபவர் அறிந்தவர், கேட்பவர் அறியாதவர் என்பது அக்காட்சியின் எழுதப்படாத விதி. இந்த விதியை ஐயுற்றவர்கள் உலகின் பல பகுதிகளில் தோன்றியுள்ளனர். பிரேசில் நாட்டில் ஒருவர் செங்கல் என்னும் சொல்லைக் கொண்டு அதனை அசைத்தார். தமிழ்நாட்டில் ஒரு பேராசிரியர் அரைநூற்றாண்டுக் காலம் பள்ளிகளின் நிலைகுறித்து விடாது வினவினார். அவர்களுடைய சிந்தனையைச் செஞ்சி வட்டாரத்து மண்ணில் வைத்துப் பார்க்கிறது இப்பாடம்.

குன்றின்மேல் ஓர் ஆசிரியர்

விழுப்புரம் மாவட்டம் செஞ்சி, கோட்டையால் பெயர்பெற்ற ஊர். ஆனால், கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அங்கு ஓர் ஆசிரியரின் பெயர் கல்லில் பொறிக்கப்பட்டுவிட்டது. ஊருக்கு வடக்கே உள்ள திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்கள் இரண்டு வரிசைகளாகச் செதுக்கப்பட்டுள்ளன. அக்குன்றில் உள்ள பழமையான வட்டெழுத்துக் கல்வெட்டு, ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த சந்திரநந்தி என்னும் சமணத் துறவியைக் குறிப்பிடுகிறது. அவர் பெயருடன் இணைந்துள்ள சொல் 'ஆசிரியர்' என்பதன் பழைய வடிவமாகும். மன்னரையோ போரையோ பேசாமல், ஆசிரியர் ஒருவரின் மறைவைப் பேசும் கல் அது.

சமணத் துறவியர் தங்கிய இடங்கள் 'பள்ளி' எனப்பட்டன. கற்பிக்கும் இடத்திற்கு இன்று வழங்கும் 'பள்ளி' என்னும் பெயர் அங்கிருந்து வந்ததாகவே அறிஞர் கருதுவர். செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இன்றும் உள்ளது.

சமணரான பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், கற்றலைப் பற்றி ஒரு வியப்பான கணக்கைத் தருகிறது. ஆசிரியர் சொன்னதை முழுமையாக உள்வாங்கினாலும் மாணவர் பெறுவது காற்பங்கு அறிவே. உடன்பயில்வோருடன் பழகிப் பேசுவதால் இன்னொரு காற்பங்கு. தாம் கற்றதைப் பிறர்க்கு விளங்க எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப்பங்கு கிடைக்கும். பாடவேளை முழுவதும் ஆசிரியர் மட்டுமே பேசினால், மாணவர் காற்பங்கிலேயே நின்றுவிடுவர் என்பது இதன் பொருள். மாணவரைத் தரம்பிரிக்கும் இடத்தில், சொன்னதையே திருப்பிச் சொல்லும் கிளியை நன்னூல் இடைநிலையில்தான் வைக்கிறது. நம் தேர்வுகளோ பல காலம் கிளிக்கு முதலிடம் தந்தன. குறையுள்ள ஆசிரியரையும் நன்னூல் விட்டுவைக்கவில்லை. பஞ்சு அடைத்த குடுவைக்கும், வளைந்து வேறொருவர் நிலத்தில் காய் உதிர்க்கும் தென்னைக்கும் அவர்களை ஒப்பிடுகிறது.

எனினும், யாருக்குக் கற்பிக்கலாகாது என்ற பட்டியலும் அந்நூலில் உண்டு. பண்டைய கல்வி எல்லார்க்கும் திறந்த கதவாக இருக்கவில்லை. கற்கும் முறையில் ஆழம் இருந்தது. கற்போர் தொகையில் அகலம் இல்லை. கதவுக்கு வெளியே நின்றவர்களிடமிருந்து கல்வியைச் சிந்திக்கத் தொடங்கியவரே பாவ்லோ ஃபிரெயிரே.

மாமர நிழலில் தொடங்கிய படிப்பு

பாவ்லோ ஃபிரெயிரே 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 19 அன்று பிரேசில் நாட்டின் வடகிழக்கிலுள்ள ரெசிஃபே நகரில் பிறந்தார். வீட்டின் பின்புறத்து மாமர நிழலில், மண்ணையே பலகையாகவும் குச்சியையே எழுதுகோலாகவும் கொண்டு பெற்றோரிடம் எழுத்து கற்றார். மணலில் விரலால் எழுதிப் பழகிய நம் திண்ணைப் பள்ளி மாணவருக்கு அயலான காட்சியன்று இது. 1930களின் பொருளாதாரப் பெருமந்தம் அவருடைய குடும்பத்தையும் வறுமையில் தள்ளியது. பசியோடு வகுப்பில் அமர்ந்த சிறுவனுக்குப் பாடம் பிடிபடவில்லை. அவனுக்கு அறிவுக்குறை இல்லை, உணவுக்குறைதான் இருந்தது. மதிப்பெண் குறைந்த மாணவரை 'மந்தம்' என்று முத்திரை குத்தும் வழக்கத்தைப் பிற்காலத்தில் அவர் கடுமையாக மறுத்ததற்கு இந்தப் பட்டறிவும் ஒரு காரணம்.

அன்றைய பிரேசிலில் எழுதப் படிக்கத் தெரியாதோர்க்கு வாக்குரிமை இல்லை. 1985ஆம் ஆண்டில்தான் அத்தடை நீங்கியது. எனவே, ஒருவருக்கு எழுத்தறிவித்தல் என்பது அவரைக் குடிமகனாக ஆக்குவதாகவும் இருந்தது. 1963இல் அங்கிகோஸ் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ முந்நூறு உழைப்பாளிகளுக்கு நாற்பது மணி நேரப் பயிற்சியில் ஃபிரெயிரேயின் குழுவினர் எழுதப் படிக்கக் கற்பித்தனர். நாட்டின் குடியரசுத் தலைவரே இறுதி வகுப்பைக் காண வந்தார். மறு ஆண்டு, 1964இல், இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஃபிரெயிரே எழுபது நாள் சிறையிலிருந்தார். பின்னர் நாடுகடந்து வாழ நேர்ந்தது. எழுத்தறிவித்ததற்காகவா சிறை என்று வியப்புத் தோன்றலாம். அவர் எதனை, எப்படிக் கற்பித்தார் என்பதில் விடை உள்ளது.

செங்கல்லும் மல்லாட்டையும்

முதியோருக்கான பாடநூல்கள் அதுவரை குழந்தைகளுக்குரிய சொற்களுடனே தொடங்கின. ஃபிரெயிரேயின் குழுவினர் முதலில் ஊருக்குள் சென்று மக்களின் பேச்சைக் கேட்டனர். எந்தச் சொல்லைக் கேட்டால் அவர்கள் நிமிர்கின்றனர், எந்தச் சொல்லில் அவர்களுடைய உழைப்பும் துன்பமும் அடங்கியுள்ளன என்று தேடினர். அப்படிக் கிடைத்த சொற்களுள் ஒன்று 'செங்கல்'. கட்டடத் தொழிலாளர் படம் ஒன்றைக் காட்டி முதலில் உரையாடல் நடக்கும். யார் கட்டுகிறார்? யார் குடியிருக்கிறார்? கட்டியவரின் வீடு எப்படி இருக்கிறது? பேச்சு சூடுபிடித்தபின் அச்சொல் கரும்பலகைக்கு வரும், அசைகளாகப் பிரியும், ஒவ்வோர் அசைக்கும் உரிய எழுத்துக் குடும்பம் அறிமுகமாகும். கற்போர் அந்த எழுத்துகளைத் தாமே சேர்த்துப் புதிய சொற்களை உருவாக்குவர்.

செஞ்சி வட்டாரத்தில் இம்முறையைக் கையாள வேண்டுமானால் எந்தச் சொல்லைத் தேர்வது? 'மல்லாட்டை' பொருத்தமாக இருக்கும். பாடநூல் நிலக்கடலை என்றும் வேர்க்கடலை என்றும் கூறுவதை அவ்வட்டார மக்கள் மல்லாட்டை என்பர். 'மணிலாக் கொட்டை' என்பதே இவ்வாறு மருவியது. தென் அமெரிக்காவில் தோன்றிய ஒரு பயிர், பிலிப்பைன்ஸ் நாட்டுத் தலைநகரின் பெயரைச் சுமந்து, தென்னார்க்காட்டு வாய்மொழியில் குடியேறியிருக்கிறது. ம, ல, ட ஆகிய மூன்று வரிசைகளை மாற்றி அடுக்கினால் மலை, மாலை, மாடு, மடை, மடல், முடி எனச் சொற்கள் பெருகும். அவற்றோடு கேள்விகளும் வரும். செடியிலிருந்து காய் ஆயும் பெண்களுக்குக் கூலி எவ்வாறு அளக்கப்படுகிறது? ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் அன்றைய விலை எப்படி முடிவாகிறது? மழை பொய்த்த ஆண்டில் விதைக்கடன் என்னவாகிறது? மொழிப்பாடம், கணக்கு, புவியியல், பொருளியல் எல்லாம் ஒரே காயின் ஓட்டுக்குள் இருக்கின்றன.

ஒரு குழந்தை தன் கட்டுரை ஏட்டில் 'மல்லாட்டை' என்று எழுதுகிறது. அது சிவப்பு மையால் அடிக்கப்படுகிறது. நூல் வழக்கைக் கற்பிப்பது ஆசிரியர் கடமை; அதில் ஐயமில்லை. ஆயினும், அடித்தலால் குழந்தை கற்பது நிலக்கடலை என்னும் சொல்லை மட்டுமன்று. தன் வீட்டில் பேசுவது பிழை, தன் தாய்க்குத் தெரிந்தது அறிவாகாது என்பதையும் சேர்த்தே கற்கிறது. அடிக்காமல், அருகில் இன்னொரு சொல்லையும் எழுதிக் காட்டியிருந்தால் அக்குழந்தையிடம் இரண்டு சொற்கள் இருந்திருக்கும். பள்ளிக்கு முதன்முதலாக வரும் தலைமுறையினர் பலர் வகுப்பில் வாய்திறவாமல் இருப்பதன் காரணத்தை இத்தகைய சிறு நிகழ்ச்சிகளில் தேட வேண்டும்.

வங்கிமுறையும் உரையாடலும்

நாடுகடந்து சிலியில் வாழ்ந்தபோது ஃபிரெயிரே எழுதிய 'ஒடுக்கப்பட்டோருக்கான கல்விமுறை' என்னும் நூல், 1970இல் ஆங்கிலத்தில் வெளிவந்து உலகெங்கும் பரவியது, தமிழிலும் பெயர்க்கப்பட்டுள்ளது. அதில் அவர் தந்த உவமை புகழ்பெற்றது. ஆசிரியர் பணம் போடுபவர், மாணவர் வெறும் கணக்கு, தேர்வு நாளில் போட்டதை எடுத்துக் காட்டினால் போதும் என்பது போன்ற கல்வியை அவர் 'வங்கிமுறைக் கல்வி' என்றார். அதற்கு மாற்றாக, வாழ்வின் சிக்கல் ஒன்றை நடுவில் வைத்து ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஆராயும் கல்வியை முன்வைத்தார். இச்சிந்தனை மரபே 'விமர்சனக் கல்வியியல்' எனப்படுகிறது. உலகம் இப்படித்தான் இருக்கும் என்று ஏற்பதற்கு மாறாக, ஏன் இப்படி இருக்கிறது, யாருக்காக இப்படி இருக்கிறது என்று வினவப் பழக்குவது அதன் இயல்பு. ஆட்சியைக் கைப்பற்றியவர்கள் அஞ்சியது எழுத்துக்கு அன்று; இந்த வினாவுக்கே.

இப்பாடத்தின் வரையறைகளையே மனப்பாடம் செய்து எட்டு வரிகளில் ஒருவர் எழுதிவிடக்கூடும். முழு மதிப்பெண்ணும் பெறக்கூடும். வங்கிமுறைக்கு அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

கோட்டையைப் படித்தல்

செஞ்சிக் கோட்டை பாடமாகும்போது என்ன நேர்கிறது? இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகள். இராசகிரியின் உயரம் ஏறத்தாழ 800 அடி. 1677இல் சிவாஜி கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை முகலாயப் படை முற்றுகையிட்டது. 1714இல் ஆற்காட்டு நவாபை எதிர்த்துத் தேசிங்கு மாண்டார். 1750இல் பிரெஞ்சுக்காரரும் 1761இல் ஆங்கிலேயரும் கொண்டனர். 2025 சூலையில், மராத்தியர் கோட்டைத் தொகுதியின் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. இவை அனைத்தும் உண்மை, தெரிந்திருக்க வேண்டியவை. இவற்றை ஒப்பித்தவுடன் பாடம் முடிந்துவிடுகிறது.

அதே கோட்டையின் அடிவாரத்தில் மாணவரை நிறுத்தி அவர்களையே கேட்கச் சொன்னால் வேறொரு பாடம் தொடங்கும். இந்தப் பாறைகளை மேலேற்றியவர் யார்? எட்டாண்டு முற்றுகையின்போது தண்ணீர் எங்கிருந்து வந்தது? களஞ்சியத்தை நிரப்பிய நெல்லை விளைவித்தவர்கள் அந்த எட்டாண்டில் என்ன உண்டனர்? வேங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் ஒரே மதிலுக்குள் நிற்பது எவ்வாறு? ஓராண்டுகூட முழுமையாக ஆளாத தேசிங்கைக் கதைப்பாடல் இன்றும் பாடுகிறது. பெரும்பரப்பை ஆண்டவர்களை அது ஏன் பாடவில்லை? அக்கதைப்பாடலில் தேசிங்கின் உயிர்த்தோழன் ஓர் இசுலாமியன் என்பதை மக்கள் ஏன் போற்றி வைத்தனர்?

இவ்வினாக்கள் சிலவற்றுக்கு வரலாற்று நூல்களில் விடை உண்டு. சிலவற்றுக்குச் செட்டிகுளத்தையும் சக்கரகுளத்தையும் நேரில் காண வேண்டும். வேறு சிலவற்றுக்கு ஊர்ப் பெரியவர்களிடமும் கல்தச்சர்களிடமும்தான் கேட்க முடியும். ஆண்டுகள் இங்கே தேவையற்றவை ஆகிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1690, 1698 என்ற இரண்டு எண்களும் தெரியாதவருக்கு எட்டாண்டு நீர்க்கணக்கு என்னும் வினாவே தோன்றாது. செய்திகளை ஒதுக்கிவிட்டு வெறுமனே கேள்வி கேட்பது விமர்சனக் கல்வி ஆகாது. ஃபிரெயிரேயைப் பின்பற்றுவதாகச் சொல்லும் சிலர் இதனை மறந்துவிடுகின்றனர்.

தமிழ்நாட்டில் ஒரு குரல்

கல்வியை வாழ்வோடும் சமத்துவத்தோடும் சேர்த்துப் பார்த்த தமிழ்நாட்டு அறிஞருள் வே. வசந்தி தேவி குறிப்பிடத்தக்கவர். 1938இல் திண்டுக்கல்லில் பிறந்த அவர், அரசுக் கல்லூரிகளில் பேராசிரியராகவும் முதல்வராகவும் பணியாற்றினார். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். 1992 முதல் 1998 வரை திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கினார். பின்னர் மாநில மகளிர் ஆணையத்தின் தலைவராகவும் இருந்தார்.

துணைவேந்தர் பதவியில் இருந்தவர்கள் ஓய்வுக்குப் பின் பெரும்பாலும் உயர்கல்வியையே பேசுவர். அவருடைய கவனம் தொடக்கப்பள்ளியின்மேல் இருந்தது. ஒரே ஊரில் வசதியுள்ள குழந்தைக்கு ஒரு பள்ளி, வசதியற்ற குழந்தைக்கு வேறொரு பள்ளி என்று பிரிந்தபின், வகுப்பறைக்குள் எந்தக் கற்பித்தல் முறையைக் கொண்டுவந்தாலும் சமத்துவம் வாராது என்பது அவருடைய உறுதியான கருத்து. எல்லாக் குழந்தைகளும் ஒன்றாகப் பயிலும் அருகமைப் பொதுப்பள்ளி முறையை அவர் தொடர்ந்து வலியுறுத்தினார். 1964 – 66இல் பணியாற்றிய கோத்தாரி கல்விக்குழு பரிந்துரைத்து நடைமுறைக்கு வராமல் போன கருத்து அது. இங்கே அவர் ஃபிரெயிரேயினும் ஒருபடி அப்பால் செல்கிறார் எனலாம். வகுப்பறையில் யார் பேசுகிறார் என்பதோடு, அந்த வகுப்பறையில் யாருக்கு இடம் இல்லை என்பதையும் அவர் கேட்டார்.

மனித உரிமைக் கல்வி நிறுவனத்தின் பொறுப்பேற்று, பள்ளிக் குழந்தைகளுக்கு மனித உரிமையைப் பாடமாகக் கொண்டுசேர்த்தது அவருடைய பெரும்பணி. தமிழ்நாட்டில் தொடங்கிய அம்முயற்சி பிற மாநிலங்களுக்கும் பரவியது. எழுத்தாளர் சுந்தர ராமசாமி அவருடன் நிகழ்த்திய நெடிய உரையாடல் 'தமிழகத்தில் கல்வி' என்னும் நூலாகியுள்ளது. உரையாடலே கல்வி என்று கருதியவரின் கல்விச் சிந்தனை உரையாடல் வடிவிலேயே நூலானது பொருத்தமே.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்றும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. இச்சட்டப்பிரிவை ஏட்டிலிருந்து ஊருக்குள் கொண்டுசெல்ல வசந்தி தேவி முதுமையிலும் பயணம் செய்தார். காய் ஆயும் கூலிக்குச் செல்லும் ஒரு தாய், பள்ளியின் குடிநீர்த் தொட்டிகுறித்துத் தலைமையாசிரியரிடம் அமர்ந்து பேசும் உரிமை பெற்றவர் என்பதை அத்தாய் அறிந்திருக்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். 2025ஆம் ஆண்டு ஆகத்து முதல் நாள் அவர் மறைந்தார்.

தெரிந்து தெளிவோம்

1990களில் நடைபெற்ற அறிவொளி இயக்கம் தமிழ்நாட்டில் முதியோர் எழுத்தறிவை மக்கள் இயக்கமாக மாற்றியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் தொடங்கிய இயக்கத்தின்போது எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் பெண்கள் பெருந்திரளாகக் கற்றனர். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007 – 08இல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. ஆசிரியர் தரையில் மாணவருடன் அமர்ந்ததும், சுவரின் கீழ்ப்பகுதி குழந்தைகளுக்கான கரும்பலகை ஆனதும் அதன் அடையாளங்கள். பெருந்தொற்றுக் காலத்தின் கற்றல் இழப்பை ஈடுசெய்ய வந்த 'இல்லம் தேடிக் கல்வி' 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்டது.

தடைகள்

இச்சிந்தனைகள் இனிமையாகத் தோன்றினும் நடைமுறையில் இடர் பல உண்டு. அறுபது பேர் அமர்ந்த வகுப்பில், நாற்பத்தைந்து நிமிடத்தில், பொதுத்தேர்வை முன்னிறுத்திப் பாடம் முடிக்க வேண்டிய ஆசிரியர் எவ்வளவு நேரம் உரையாட முடியும்? கேள்வி கேட்கும் மாணவரை அடங்காதவர் என்று எண்ணும் வழக்கம் ஆசிரியர்களிடம் மட்டுமன்றிப் பெற்றோரிடமும் உள்ளது. செஞ்சியைச் சுற்றிய இருளர் குடியிருப்புகளில், சாதிச் சான்றிதழ் கிடைக்காததாலும் பெற்றோர் செங்கல் சூளைகளுக்கு இடம்பெயர்வதாலும் படிப்பைத் தொடர முடியாத பிள்ளைகள் உண்டு. அவர்கள் திரும்பி வரும்போது பள்ளி அவர்களை வரவேற்கிறதா என்னும் கேள்விக்குப் பின்னரே கற்பித்தல் முறை பற்றிய கேள்வி எழும். அருகிலுள்ள திண்டிவனத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த பிரபா கல்விமணி போன்றோர், அம்மக்களின் உரிமைக்காகவும் தாய்மொழிக் கல்விக்காகவும் உழைத்ததை இங்கு நினைவுகூரலாம். ஃபிரெயிரேயின் செங்கல் என்னும் சொல் இந்தச் சூளைகளின் பக்கத்தில் வெறும் எடுத்துக்காட்டாக நில்லாது.

ஃபிரெயிரேயும் இத்தகைய தடைகளை நேரில் கண்டவரே. 1980இல் தாயகம் திரும்பிய அவர், 1989இல் சாவோ பாவ்லோ மாநகரின் கல்விச் செயலாளராகப் பொறுப்பேற்றார். உலகெங்கும் உரையாடலைப் பற்றிப் பேசியவர் முதலில் எதிர்கொண்டது இடிந்த பள்ளிக் கட்டடங்களை. கூரையைப் பழுதுபார்ப்பது, இருக்கைகளை வாங்குவது, ஆசிரியர் ஊதியத்தை உயர்த்துவது ஆகியவற்றில் அவருடைய நாள்கள் கழிந்தன. ஒழுகும் கூரையின்கீழ் குழந்தையை அமர்த்துவதும், நீ முக்கியமில்லை என்று அக்குழந்தைக்குச் சொல்வதும் ஒன்றே என்று அவர் கருதினார். ஆதலால் அப்பணிகளைக் கல்வியியலுக்குப் புறம்பானவையாக எண்ணவில்லை. 1991இல் பதவி விலகிய பின் மீண்டும் எழுத்துக்குத் திரும்பினார். 1997 மே 2 அன்று மறைந்தார்.

கற்பவை கற்றபின்

உம் ஊரில் மட்டும் வழங்கும் பயிர்ப்பெயர், கருவிப்பெயர், உணவுப்பெயர் ஆகியவற்றை வீட்டாரிடம் கேட்டுத் தொகுக்க. அவற்றுள் ஒரு சொல்லின் வரலாற்றை வகுப்பில் எடுத்துரைக்க.

உம் ஊரிலுள்ள பழைய கட்டடம், ஏரி, சந்தை ஆகியவற்றுள் ஒன்றைக் குழுவாகச் சென்று கண்டு, பாடநூலில் விடை இல்லாத ஐந்து வினாக்களை எழுதுக. அவற்றுக்கு யாரிடம் விடை கிடைக்கும் என்பதையும் குறிப்பிடுக.

கற்றலில் ஆசிரியரின் பங்கு காற்பங்கே என்னும் நன்னூலின் கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.